பனிவாசல் காவல்காரனுக்காக அழுதவள்

தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளத் தொடங்கிவிட்ட நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். படம் விட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் தியேட்டர் வாசலிலேயே நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். எனக்குப் பதினொரு வயது, பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பத்தொன்பது. இரண்டு பேரும் மூக்கு சிவக்க அழுதுகொண்டிருந்தோம். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர் பதறிப்போய் ஓடிவந்து, "இன்னாம்மா, சைக்கிள் எதுனா காணாமப் போச்சா?" என்றார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். "பர்ஸா?" என்றார். அதற்கும் தலையாட்டினாள். பாவம் மனிதர், வேறு என்னதான் கேட்பார்.

அந்தப் படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் "ஐயே, அந்த டப்பிங் படமா!" என்று சிரிப்பீர்கள். மீதிப் பேருக்கு நான் சொல்லாமலே தெரிந்துவிடும்.

உலகத்தின் வடக்குக் கோடியில் ஒரு பனிமலை. மலையில் பெரிய வாசல். அதற்கு அப்பால் இருட்டும் அரக்கர்களும். வாசலைக் காவல் காக்க ஓர் இளைஞன், அவனுக்குத் துணையாகக் கால் விந்தும் வெள்ளை மான் ஒன்று. அவ்வளவுதான் கதை. அதை ஐந்து பாகமாக எடுத்தார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஒரு பாகம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் புதுச்சேரிக்கு வந்துவிடும். அந்தத் தமிழைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆயிரம் வருஷம் பனிக்குள் உறைந்து கிடந்த அரக்கன் கண் விழித்ததும் சொன்ன முதல் வசனம், "எவன்டா அவன், என் ஏரியாவுல வந்து சவுண்டு வுடறது?" தியேட்டர் முழுக்க விசில் பறந்தது. ஆனால் காவல்காரன் அதிகம் பேசமாட்டான். பேசினால் மானிடம்தான் பேசுவான், அதுவும் மெதுவாக. அதனால்தான் அக்காவுக்கு அவனைப் பிடித்தது என்று இப்போது நினைக்கிறேன். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் மெதுவாகப் பேசுகிற ஆண்பிள்ளை ஒருவர்கூடக் கிடையாது.

முதல் பாகம் வந்தபோது எனக்கு ஏழு வயது. வயசுப் பெண்ணைத் தனியாகத் தியேட்டருக்கு அனுப்ப முடியாது என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். ஏழு வயதில் நான் யாருக்கு என்ன துணை? ஆனாலும் அந்த ஏற்பாடு எங்கள் மூன்று பேருக்குமே வசதியாக இருந்தது. பெண்கள் வரிசையில் ஆள் குறைவு. டிக்கெட் மெல்லிய ரோஸ் காகிதத்தில் இருக்கும், கைவியர்வையில் சாயம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மர நாற்காலிகள், அடியில் மூட்டைப்பூச்சி. தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கும். அந்த மே மாதப் புழுக்கத்தில் திரையில் பனி கொட்டும்போது எனக்கு உண்மையிலேயே குளிரும். அக்காவின் தாவணிக்குள் கையை விட்டுக்கொள்வேன். இடைவேளையில் ஒரே சமோசாவை இரண்டாகப் பிய்த்து, உருளைக்கிழங்கு அதிகம் உள்ள பாதியை எனக்குத் தருவாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போகமுடியாது. அவர் முதலில் மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனிக்குப் போனார். வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் உருகின பிளாஸ்டிக் வாடை அடிக்கும். எங்கள் சுவரில் சாமி படங்களுக்கு நடுவில் ஒரு நடிகரின் படம் இருந்தது. அப்பாவுக்கு அவர் தலைவர். வெறும் நடிகர் என்று சொன்னால் அன்றைக்குச் சோறு கிடையாது. தலைவர் இறந்த தினத்தில் அந்தப் படத்துக்கு மாலை போட்டு, வாழையிலையில் படையல் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். அப்போது ஒவ்வொரு வருஷமும் அதே கதையைச் சொல்வார். தலைவர் போன சேதி ரேடியோவில் வந்ததும் மில் ஆட்களெல்லாம் ரோட்டில் விழுந்து புரண்டார்களாம். அப்பா சாப்பாட்டைத் தொடவில்லையாம். மொட்டை அடித்துக்கொண்டாராம். மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, அப்போது கைக்குழந்தையாக இருந்த அக்கா யாரோ என்று பயந்து வீறிட்டாளாம். "பெத்த பொண்ணுக்கே என்னை அடையாளம் தெரியல, அப்பிடி ஆயிட்டேன்," என்று பெருமையாகச் சொல்வார். நாங்களும் கண் கலங்கக் கேட்போம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அக்கா பத்தாவது முடித்ததும் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு பிரெஞ்சு மதாம் நடத்திய தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். துணிப்பை, மேசைவிரிப்பு, துணிப் பொம்மை எல்லாம் அங்கே தைப்பார்கள். கழித்துப் போட்ட வெள்ளைத் துணியில் எனக்கு ஒரு மான் தைத்துக் கொடுத்தாள். முன்னங்கால் ஒன்று மட்டும் குட்டையாக, அசல் அந்த மான். உள்ளே பஞ்சோடு கொஞ்சம் மரத்தூளும் அடைத்திருந்ததால் முகத்தில் வைத்தால் புதுப் பெட்டி வாசம் வரும். ஒருநாள் நான் அதைத் தூக்கிக்கொண்டு தையற்கூடத்துக்குப் போக, மதாம் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இது யார் வெட்டுது? நீயா? மா ஃபீ, என் பொண்ணே, நீ ஏன் பை தைக்குது?" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து அக்காவைத் துணி வெட்டும் மேசைக்கு மாற்றுவதாகச் சொன்னாள். சொந்தமாகப் பொம்மை யோசித்து வெட்டலாம். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். கடைசிப் பாகத்துக்கு முந்தின வாரம் அது.

கடைசிப் பாகத்தில் வாசல் உடைந்துவிடுகிறது. அதை உள்பக்கத்திலிருந்துதான் பூட்டமுடியும். பூட்டுகிறவன் திரும்பமுடியாது. காவல்காரன் தன் நீளமுடியை வெட்டி, தாடியை மழித்துக்கொண்டு, மானின் காதில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போகிறான். கதவு மூடுகிறது. மான் குட்டைக் காலால் கதவைத் தட்டுகிறது. டொக், டொக் என்று அந்தச் சத்தம் மட்டும்தான், பாட்டு இசை ஒன்றும் இல்லை. பிறகு 'முற்றும்' என்று போட்டார்கள். முந்தின நான்கு பாகத்திலும் 'தொடரும்' என்றுதான் வரும். அக்கா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டார்ச் அடித்துக்கொண்டு வந்தவர், "எழுந்துருங்கம்மா, கூட்டணும்," என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. ஆனால் சாவு விழுந்த வீட்டில் இருப்பது போலத்தான் அந்த நாட்கள் இருந்தன. அக்கா தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள், சோறு காய்ந்து போகும். துணி மடிக்கும்போது அழுவாள். "அடுத்த வருஷம் மே மாசம் வரும்டி, நம்ம இன்னா பண்ணுவோம்?" என்று என்னைக் கேட்டாள். வேலை விட்டு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அந்தப் படத்துக்கே போனாள், அதற்கு மறுநாளும் போனாள். இன்றைக்காவது அவன் திரும்பி வந்துவிடுவான் என்று நான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அக்காவும் நினைத்திருப்பாளோ என்னவோ.

அப்புறம் அம்மா தலையணை உறை துவைக்க எடுத்தாள். உள்ளே ஒரு போட்டோ இருந்தது.

வாரப் பத்திரிகையில் வந்த அந்த நடிகனின் படம். படத்தில் வரும் வேஷத்தில் இல்லை. தாடி இல்லாமல், கிராப்பு வைத்து, நீல ஜீன்சும் கட்டம்போட்ட சட்டையுமாக ஏதோ கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா தையல்காரி அல்லவா, ஓரம் பிசகாமல் ஆளை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்திருந்தாள். அவன் பெயரும் படத்தின் பெயரும் அச்சடித்திருந்த பகுதி குப்பைக்குப் போயிருந்தது. பின்பக்கம் பருக் களிம்பு விளம்பரத்தில் பாதி.

வேறு ஊராக இருந்தால் பெண்ணின் தலையணைக்குள் வெள்ளைக்காரன் படம் கிடைத்தால் யாரோ நடிகன் என்று விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் சினிமாவில் மட்டும் இருப்பவன் இல்லை. மார்க்கெட்டில் தக்காளி பொறுக்குவான். மொபெட்டுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு நிற்பான். இளநீர்க்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசுவான். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் அப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டாள், அவள் அம்மா அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் வருவதில்லை. எங்கள் அக்கா வேலை பார்ப்பது மதாமிடம். சாப்பிடுவதில்லை, அழுகிறாள், ஒரே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள். அம்மா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வேலை விட்டு வந்ததும் போட்டோவை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "யார்டி இவன்?" என்றார்.

"நடிகர்ப்பா. அந்தப் படத்துல வர்ற காவல்காரன்."

"ஒரு படத்த எத்தினி தடவ பாப்ப? அங்க யார பாக்கப் போன?"

"யாரயும் பாக்கலப்பா."

"அப்ப எதுக்கு அழுவுற?"

"படத்துக்குத்தான்பா."

நானும் குறுக்கே புகுந்து, "ஆமாம்பா, நானும் அழுதேன்," என்றேன். "நீ சும்மா இருடி, உனக்கு சமோசா வாங்கிக் குடுத்து வாய அடைச்சிருக்கா," என்றாள் அம்மா. சமோசா என்னவோ உண்மைதான்.

அக்கா அப்போதுதான் அதைச் சொன்னாள். திமிராகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னாள். "நீங்க தலைவருக்காக மொட்ட அடிச்சிக்கினீங்களேப்பா."

அப்பா அவளை அறைந்தார். அதற்கு முன்னால் அவர் எங்களை அடித்ததே இல்லை. "அவர் தெய்வம்டி! எவனோ வெள்ளக்காரனும் அவரும் ஒண்ணா?" என்று கத்தினார். பிறகு போட்டோவை அடுப்பில் போட்டார். பளபளப்புக் காகிதம், பச்சையாக எரிந்தது.

அவன் நடிகன்தான் என்று காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி போஸ்டர். மறுநாள் காலையில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க வந்து பாருங்கப்பா, மார்க்கெட் சுவத்துல அவன் படம் ஒட்டி இருக்கு." அப்பா வந்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும், உண்மையிலேயே வந்தார். அந்த மனிதருக்கும் நம்ப வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலேயே புதுப்படப் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மைதாப் பசை ஈரம்கூடக் காயவில்லை. பனிமலை இருந்த இடத்தில் ஒரு கதாநாயகன் அரிவாளோடு நின்றான். "இதுக்கு அடியிலதாம்பா," என்று நகத்தால் சுரண்டினேன். ஈரக் காகிதம் பிசுபிசுவென்று கையோடு வந்தது, அடிப் போஸ்டரும் சேர்ந்து கிழிந்தது. கீழ்ப்பாதியை ஏற்கனவே மாடு தின்றிருந்தது. சுரண்டிச் சுரண்டி உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒன்று வெளியே வந்தது. "பாருங்கப்பா, மானோட காது!" என்றேன்.

அப்பா அந்தக் காதைப் பார்த்தார். என் விரல் நகத்தில் ரத்தம் வருவதையும் பார்த்தார். "உன்னயும் நல்லா தயார் பண்ணி வச்சிருக்கா," என்று சொல்லி, துண்டு முனையால் என் விரலைத் துடைத்தார். இப்போது போலச் செல்லில் தட்டிக் காட்டுகிற காலமாக இருந்தால் ஒரு நிமிஷ வேலை. தியேட்டரிலும் படத்தைத் தூக்கிவிட்டார்கள். ஊரில் எங்குமே அவன் இல்லை.

அங்கிருந்து நேரே தையற்கூடத்துக்குப் போனோம். வாசலில் இருபது வயசு வெள்ளைக்காரப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்து பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். மதாமின் தங்கை மகன், லீவுக்கு வந்தவன். கட்டம்போட்ட சட்டை. மூக்கு வேறு, முடி வேறு, தாடை வேறு. எங்கள் அக்கா என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் அப்பா என் கையை இறுக்கிய இறுக்கலில் எனக்குப் புரிந்துவிட்டது. "இது வேற ஆளுப்பா, இது வேற ஆளு," என்று கிசுகிசுத்தேன். அவர் காதில் ஏறவில்லை.

அப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மதாம் சிரித்தே தீர்த்திருப்பாள். அவருக்கு மானம் பெரிது. கையெடுத்துக் கும்பிட்டு, "எங்க வூட்டு சூழ்நிலை சரியில்ல மதாம். பொண்ணு இனிமே வராது," என்று மட்டும் சொன்னார்.

"எதுக்கு வராது? மொஸ்ஸியே, அது கை ரொம்ப நல்ல கை," என்றாள் மதாம். புதிதாக வாங்கிய பெரிய கத்தரிக்கோல் ஒன்று வெட்டு மேசைமேல் இருந்தது. அதைக் கையில் எடுத்துக் காட்டினாள், இது அவளுக்காக வாங்கியது என்று. அப்பா மறுபடியும் கும்பிட்டார். மதாம் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? தமிழிலேயே என்னை யாரும் நம்பவில்லை.

அத்தை பண்ருட்டியிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்தாள். ஆவணியில் கல்யாணம். மாமாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. லாரி உதிரிபாகக் கடை, குடி கிடையாது, கை நீட்டமாட்டார். அக்கா வீட்டில் ஒரு தையல் மெஷினும் உண்டு. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள், பிள்ளைகளின் யூனிஃபார்ம் கிழிந்தால் தைப்பாள். அதற்கு மேல் அதில் அவள் எதுவும் தைத்து நான் பார்த்ததில்லை.

முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டபத்து அறையில் அவளுக்கு ஜடை தைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்ணாடியில் பார்த்துக் கூப்பிட்டாள். ஏதோ ரகசியம் சொல்லப்போகிறாள் என்று காதைக் கொடுத்தேன். "அந்த மான் வெளியவே நிக்குதேடி, அது அப்புறம் இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

"அடுத்த பாகத்துல வரும்க்கா," என்றேன்.

"அடுத்த பாகம் இல்லடி," என்றாள். ஜடை தைக்கிறவள் தலையை நிமிர்த்திப் பிடித்து, "அழுவாத, மை கரையும்," என்று அதட்டினாள். கூடியிருந்த பெண்கள், பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

துணி மான் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வீடு மாற்றும்போது பழைய துணி மூட்டையோடு போயிருக்கும். சில சமயம் தச்சுப்பட்டறையைத் தாண்டிப் போகும்போது அந்த மரத்தூள் வாசம் வரும், நடையை மெதுவாக்கிக்கொள்வேன்.

அம்மா போய்விட்டாள். அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். முட்டி வலி, ஒரு காது மந்தம். ரிமோட் மட்டும் அவர் கையைவிட்டு இறங்காது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு சேனல் மாற்றிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த இசையைக் கேட்டதும் சோப்புக் கையோடு கூடத்துக்கு வந்தேன்.

கடைசிப் பாகம்தான். காவல்காரன் முடியை வெட்டிக்கொண்டிருந்தான். பிறகு கத்தியை எடுத்துத் தாடியை மழித்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அப்பா முன்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து அவ்வளவு நேரம் பார்த்த முகம், எப்படி மறக்கும்?

"இவன்... அந்தப் போட்டோ பையன் இல்ல?"

"ஆமாம்பா."

"சினிமாக்காரனா?"

"ஆமாம்பா."

காவல்காரன் மானின் காதில் எதையோ சொன்னான். அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அப்ப அது, நெசமாவே படத்துக்கா அழுதுச்சு?" என்றார். நான் தலையாட்டினேன். எத்தனையோ வருஷமாக இந்த நாளுக்காகப் பதில் வைத்திருந்தேன், சுள்ளென்று நாலு வார்த்தை. வயதான மனிதர் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"போன் போடு," என்றார்.

அவருக்குக் கேட்கவேண்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா எடுத்தாள். "இன்னாடி இந்த நேரத்துல, குக்கர் வச்சிருக்கேன்," என்றாள். குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் டிவியில் கதவு மூடியது. போனுக்குள், ஒரு மூச்சு பிந்தி, அதே கதவு மூடியது. எங்கள் வீட்டில் மான் தட்ட ஆரம்பித்தது. டொக், டொக். அவள் வீட்டிலும் தட்டியது.

அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே கொண்டுபோனார். "யம்மா," என்றார். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் வந்தது.

"அழுவுறியாம்மா?" என்றார்.

கொஞ்ச நேரம் மான் தட்டுகிற சத்தம்தான் இரண்டு வீட்டிலும்.

"படத்துக்குத்தான்பா," என்றாள் அக்கா.

அப்பா போனைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அன்றைக்கு நம்பாதவர் இன்றைக்கு நம்பிவிட்டார். நான்தான் நம்பவில்லை.